கயிறு பிடித்தவன் பங்கு

பிப்ரவரி 6, 1944. ஞாயிறு.

வாடை தணிந்தது. கடல் தெளிவு. பூசை முடிந்து வீட்டில் இருந்தவர்கள்: நான், மகன் சந்தியாகு, மருமகள் ரோசம்மாள், அவள் அண்ணன் லூக்காஸ், என் தம்பி மிக்கேல். சீலா மீன் குழம்பு. உப்பு கூடுதல், ரோசம்மாள் கை.

பாதிச் சாப்பாட்டில் லூக்காஸ் சொன்னான்: “நாளையிலருந்து சரிபாதி மச்சான். இல்லன்னா கயித்தை வேற ஆள்ட்ட குடு.”

சங்கு எடுக்கக் கடலில் மூழ்கிக் குளிப்பவனுக்கு இரண்டு பங்கு, வள்ளத்தில் அவனைத் தூக்கும் கயிறு பிடிப்பவனுக்கு ஒன்று. என் மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். கயிறு எப்போதும் மனைவியின் உடன்பிறந்தான் கையில். தன் வீட்டுப் பெண்ணைத் தாலியறுக்க விடமாட்டான் என்று.

சந்தியாகு சிரித்தான். “மூச்சை அடக்குதவன் நான். நீ மேல காத்து வாங்குததுக்குச் சரிபாதியா?”

லூக்காஸ் கை கழுவாமல் போய்விட்டான்.

ஒருவனுக்குக் கூட, ஒருவனுக்குக் குறைய. இதில் பாவம் எங்கே? ஒருவன் வயிறு காய்ந்தால் பாவம். அவ்வளவுதான்.

பிப். 7. திங்கள்.

மண்ணெண்ணெய் இல்லை என்று கடைக்காரன் விரட்டினான். அவன் முகத்தை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

லூக்காஸ் வரவில்லை. கூலிக்கு யாரையோ கயிற்றில் வைத்துப் போனான் சந்தியாகு. தூக்கச் சொல்லிக் கீழிருந்து கயிற்றைச் சுண்டியபோது அந்த ஆள் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தானாம். மூக்கில் ரத்தத்தோடு வந்தான் என் பிள்ளை. ரோசம்மாள் உலை வைக்கவில்லை. நாளை மறுநாளும் இறங்குவானாம், அதே ஆளோடு.

லூக்காஸ் வீட்டுக்கே போனேன். நேரே அடுக்களை. பானையில் அரிசி, பரணில் கருவாடு.

“என்னலே குறை உனக்கு?”

“குறையில்ல மாமி. போதும்.”

“பொறவு?”

“அங்கன தண்ணிக்குள்ள ரெண்டு பேருக்கும் ஒரே உசிரு. கரைக்கு வந்ததும் மட்டும் அவன் முழு ஆளு, நான் அரை ஆளா?”

“சுறா யாரைல கடிக்கும்?” என்றேன். அப்போதும் அவன் கயிற்றுக்குச் சம்மதிக்கவில்லை.

பிப். 8. செவ்வாய்.

சந்தியாகுவுக்குக் காது வலி. எண்ணெய் விட்டேன்.

சாட்சிக்கு மிக்கேலைக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரருக்குப் பதினெட்டு வருடம் கயிறு பிடித்தவன். லூக்காஸையும் வரவழைத்து, எல்லார் முன்னாலும் மிக்கேலிடம் கேட்டேன்: “ஒரு பங்குல நீ பட்டினி கிடந்தியால?”

“ஒருநாளும் இல்லக்கா.”

லூக்காஸை நிமிர்ந்து பார்த்தேன்.

“ஆனா பங்கு பிரிக்கிற அன்னைக்கு மட்டும் அத்தான் மூஞ்சியப் பாக்க மாட்டேன்,” என்றான் மிக்கேல். “அவரு உசிரைப் பிடிச்ச கைய ஏந்தி அரைவாசி வாங்கணும். கூசும்.”

“அப்பவே சொன்னா என்னல?”

“எப்படிக்கா சொல்ல? நான் வாயைத் தொறந்தா நீ சோத்தை வைப்ப.”

ரோசம்மாள் சிரித்துவிட்டாள். அதையும் குறித்துக்கொண்டேன். சந்தியாகு மட்டும் சிரிக்கவில்லை. “நாளைக்கு வா மச்சான். சரிபாதி,” என்றான்.

பிப். 9. புதன்.

கயிறு லூக்காஸ் கையில். பிள்ளை நல்லபடியாக வந்தான். கோழிகள் இட்ட முட்டை மூன்று.

கூடக்குறைய இருப்பது பாவமில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். லூக்காஸ் மேல் கோபமில்லை. வேண்டியதை வாய்விட்டுக் கேட்டான். ரோசம்மாள் சிரிப்பைக்கூட உயிர்த்த ஞாயிறுக்குள் மன்னித்துவிடலாம். பதினெட்டு வருடம் என் சோற்றைத் தின்று, வாயே திறக்காமல், நான் நல்லவள் என்று என்னையே நினைக்கவிட்டானே ஒருவன், அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். என் கூடப்பிறந்த மிக்கேலை.