பாய்மரத்துக்கு அடியில வைக்க

டூங்கபி, சிட்னி

அன்பின் மகன் சுஜீதனுக்கு,

நானும் அப்பாவும் இஞ்ச சுகம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில விறைக்காமல் சுகமாய் இருக்க முருகன் துணை. நீ அனுப்பின படம் பார்த்தனாங்கள், என்னடா மெலிவு அது, கன்னமெல்லாம் ஒட்டிப்போய், கப்பலுக்குப் பலகை அடிக்கிற பிள்ளையளுக்கு அங்க ஒருத்தரும் சோறு போடுறேல்லையே? பார்சலுக்குள்ள மிளகாய்த்தூளும் வச்சிருக்கிறன், நானே வறுத்து இடிச்சது.

அப்பாவில கோவிக்காதை. முந்தின காலத்தில பஞ்சத்துக்குத் தப்பி ஓடின சனம் ஏறிப்போன கப்பலைத் திருப்பிக் கட்டுறம் எண்டு நீ சொன்ன அண்டைக்கு, பாதி வழியில செத்த சனத்தைக் கடலில போட்ட கப்பலை ஏனடா திரும்பக் கட்டுறியள் எண்டு கத்திப்போட்டு போனை வச்சவர், இன்னும் உன்னோட கதைக்கேல்லை. அவருக்குக் கப்பல் எண்டா அண்ணாதான். எங்கள் எல்லாருக்கும் விசா வந்து, வயது கூடிப்போச்செண்டு அனுஷனுக்கு மட்டும் வராமல், பிள்ளை எங்களிட்ட வரவெண்டுதானே களவாய் அந்தப் படகில ஏறினவன். அந்தப் படகு கரை சேராமல் பத்து வருசத்துக்கு மேலாச்சு. உடம்பு கிடைக்கேல்லை, நானும் ஒரு கிரியையும் செய்ய விடேல்லை. அந்தியேட்டி எண்டு ஐயர் வாய் திறக்க நான் எழும்பி வந்தது உனக்கு ஞாபகமிருக்கும். இப்பவும் கதவு தட்டினா நான்தான் முதல் ஓடுறது, என்ன செய்ய, பெத்த வயிறு.

பாய்மரம் நிறுத்தேக்க அதுக்கடியில காசு வைக்கிறது கப்பல் கட்டுறவையின்ர வழக்கம் எண்டு நீ சொன்னதில இருந்து எனக்கு அதே நினைப்பு. நாங்களும் வீட்டுக்கு நிலை வைக்கேக்க அடியில பொன் வைக்கிறனாங்கள்தானே. அதுதான் இதுக்குள்ள அண்ணாவின்ர பஞ்சாயுதம், அந்தப் பவுண் பதக்கம், வச்சிருக்கிறன். பிறந்த பிள்ளையை ஒண்டும் அண்டப்படாதெண்டு துடக்குக் கழிச்ச முப்பத்தோராம் நாள் அவன்ர கழுத்தில நான் போட்டது, அவனுக்கொரு பிள்ளை பிறந்தாப் போடலாம் எண்டு இவ்வளவு காலமும் பொத்தி வச்சிருந்தனான். கப்பல் எண்டாலே எழும்பிப் போற அப்பாதான் மஞ்சள் துணியில முடிஞ்சு தந்தவர். முடிச்சை ரெண்டு தரம் இறுக்கினவர். ஐயரிட்டயும் சொல்லிட்டம், அனுஷனுக்குச் செய்ய வேண்டியதை வாற மாசம் அப்பா செய்வார்.

களவாய் வையாதை, உங்கட பெரிய தச்சரிட்டக் கேட்டு வை. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடித் தொப்பி போடு, ஞாயிற்றுக்கிழமை நீயே அப்பாவுக்குப் போன் எடு, கதைப்பார். நீ நல்லாயிருக்கோணும், முருகன் உன்னோட நிப்பான்.

ஒண்டு மட்டும் திரும்பவும் கேக்கிறன். கட்டி முடிச்சாலும் அந்தக் கப்பல் சனம் பார்க்கவெண்டு துறையிலதான் நிக்கும், கடலுக்கு விடமாட்டினம் எண்டு சொன்னனி. அது மாறினா இதை வையாதை, எனக்குத் திருப்பி அனுப்பு. அண்ணா இனிக் கடலுக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
உன்ர அம்மா
இரஞ்சிதம்