யானை காட்டாத பயணம்

இன்றைக்கு மத்தியானம் ஜீப்பின் பொனட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் வலையில் புல் விதை அப்பி, சூட்டில் கருகி, வறுத்த தினை போல மணந்தது. வஸ்கமுவ காட்டுக்குப் போய்வந்த நாட்களில் உங்கள் சட்டையிலும் இதே மணம்தான். பழைய பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க உங்களோடு பேசவேண்டும் போலிருந்தது.

ஆமாம், இந்தத் தடவை ஜீப்பை ஓட்டிப் போனது நான்தான். முறைக்காதீர்கள். நீங்கள் படுக்கையில் கிடந்த மாதங்களில் ரிவர்ஸ்டன் மலை வளைவுகளில் மரக்கறி மூட்டை ஏற்றி ஓட்டியவள் நான். உங்கள் அண்ணன்தான் விடவில்லை. "பொம்பளை ஓட்டுற ஜீப்புல சஃபாரிக்கு யாரு ஏறுவாங்க? வித்துருங்க, ஆள் பாத்து வச்சிருக்கேன்" என்றார். ஒரு ட்ரிப் போய்வந்து பதில் சொல்கிறேன் என்றேன். நம் வீட்டில் உழைக்கிற பொருள் அது ஒன்றுதான் என்று அவருக்குப் புரியவில்லை.

கல்யாணமான புதிதில் என்னையும் ஒரு தடவை அங்கே கூட்டிப்போனீர்கள். காட்டுப் பாதை தொடங்குகிற இடத்தில், மரத்தடிப் பிள்ளையாருக்குக் கொப்பு முறித்துக் கட்டிவிட்டு, "இவளுக்கு ஒரு கொம்பன காட்டு சாமி" என்று சத்தமாகவே வேண்டினீர்கள். அன்று முழுக்க ஒரு யானை கூட வரவில்லை. திரும்பும்போது, யானைகளை நீங்களே எங்கோ ஒளித்துவைத்த மாதிரி, என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்.

"ஆனை குறுக்க வரக்கூடாதுன்னு கட்டுற கொப்ப கட்டிட்டு, ஆனை வரலன்னா எப்பிடிங்க?" என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் சிரித்தீர்கள். ஆனாலும் மனம் ஆறவில்லை உங்களுக்கு. ஆஸ்பத்திரியில் கடைசியாகக்கூட, "ஒனக்கு ஒரு ஆனை காட்டலியே புள்ள" என்றீர்கள்.

இன்றைக்குக் காலையில் வந்தது மாத்தளை டவுனிலிருந்து ஒரு குடும்பம். ஒரு மனுஷன், அவர் மனைவி, அவரைப் பெற்ற அம்மா. நானும் கொப்பு கட்டினேன், வழியில் ஆபத்து வேண்டாம் என்று மட்டும் வேண்டிக்கொண்டு. பிள்ளையார் அப்படியே கேட்டுக்கொண்டார். பாதையெல்லாம் காய்ந்த சாணம்தான், யானை இல்லை. வழிகாட்ட முன்னால் உட்கார்ந்திருந்த ட்ராக்கர் தம்பி என் முகத்தைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தான். பின்னாலிருந்து அந்த மனுஷன், "ஆனை இல்லாட்டி இவ்ளோ தூரம் எதுக்கு வந்தோம்?" என்றார். நீங்களாயிருந்தால் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள்.

நான் கேட்கவில்லை. அன்றைக்கு நீங்கள் வேறு வழியில்லாமல் எனக்குக் காட்டிய இடங்களுக்கு ஜீப்பைத் திருப்பினேன். பாலை மரத்தில் பழம் தேடி ஏறிய கரடியின் நகக் கீறல். உடைந்த குளத்துக் கரையில், ராஜா காலத்துக் கல் மதகு. ராஜாக்களின் படை தங்கிய இடம் என்று சொல்கிற அந்தப் புல்வெளிக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தினேன். ஆள் உயரப் புல் காற்றில் சாய்ந்து எழும்பியது. புள்ளிமான் கூட்டம் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து நான் சாவியில் கைவைத்தபோது, "அவசரமா போகணுமாம்மா? இன்னுங் கொஞ்சம் நிப்போமே" என்றார் அந்த அம்மா. இறங்கும்போது மகனே என் ஃபோன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்கள் அண்ணனிடம் ஜீப் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். கோபம்தான் அவருக்கு. ஆறட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்.

எனக்கு ஒன்றுமே காட்டவில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விட்டீர்கள். நீங்கள் அன்றைக்குக் காட்டியதைத்தான் இனிமேல் ஊருக்கெல்லாம் காட்டிப் பிழைக்கப் போகிறேன்.