மேல் யன்னல்களும் உன் அம்மாவின் கால்களும்

என் மேசையில் ஒரு சீலிங் பலகைத் துண்டு கிடக்கிறது. தொட்டால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. பார்க்டேலில் நீ ஞாயிறுதோறும் போன கத்தோலிக்கக் கோயிலுக்கென்று நான் தெரிவு செய்தது. மேல் யன்னல்களுக்குக் கீழே இதைப் பூட்டினால் சூடு மேலே போகாது. வளைவுகளும் கண்ணாடிகளும் மறைந்துவிடும். நேற்றுப் பூசை முடிந்தபின் பங்குச்சபை இதைப் பூட்டுவதா என்று வாக்கெடுத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ உயிரோடு இருந்திருந்தால் முதல் நாளே சண்டை பிடித்திருப்பாய். நீ தத்துவம் படித்தவன். நான் கட்டுமானப் பொறியியல். ஒரே அறையில் இருந்த காலத்தில், கடவுள் நம்பிக்கை இல்லாத என்னை அங்கே இழுத்துப் போய் அண்ணாந்து பார்க்க வைத்தாய்.

"என்ன தெரியுது?"

"பாரம் இறங்கிற வழி. வளைவில இருந்து தூணுக்கு, தூணில இருந்து நிலத்துக்கு. உதுக்கு ஏன் தத்துவம்?"

"அதுதானடா தத்துவம். கேள்வியைப் பிரி, இன்னும் பிரி, ஒவ்வொரு முடிவும் எதில நிக்குதெண்டு காட்டு. ஐரோப்பாவில அந்தக் காலத்துத் துறவிமார் அப்பிடித்தான் எழுதினவை. இப்பிடிக் கோயில் கட்டினவையும் அப்பிடித்தான் கட்டினவை."

"இது ரொறன்ரோவில செங்கல்லால அடிச்ச கொப்பி, மச்சான்."

"கொப்பி அடிச்சாலும் விடை சரிதானே, கல்குலேற்றர்!"

பிறகு மேல் யன்னல்களைக் காட்டினாய். அந்தத் துறவிகளுக்கு ஒளி வெறும் வெளிச்சமல்ல, கடவுளிடமிருந்து ஒவ்வொரு படைப்பும் தன் அளவுக்கு வாங்கிக்கொள்வது என்றாய். அந்த ஒளிக்காகத்தான் சுவரைத் திறந்து, பாரத்தை வெளியே நிற்கும் முட்டுச்சுவர்களிடம் கொடுத்தார்களாம். கடவுளை நான் எடுத்துக்கொள்ளவில்லை. முட்டுச்சுவரை எடுத்துக்கொண்டேன்.

நீ போனபின் வந்த முதல் குளிர்காலத்தில் உன் அம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, முழங்காலில இருந்தா எழும்ப ஏலாமல் கிடக்கு. சூடெல்லாம் மேல போகுது, கீழ நாங்கள் விறைக்கிறம்." அவருக்காகத்தான் அந்தச் சீலிங்குக்குப் படம் கீறினேன். கணக்கு சரி. ஆனால் குறுக்குவெட்டு வரைபடத்தில் தூண்கள் ஏறிவந்து, ஒன்றையும் தாங்காமல் ஒரு பலகையில் முட்டி நின்றன. எரிச்சலாக இருந்தது. சனம் இருக்கும் வாங்குகளுக்குக் கீழே, நிலத்துக்குள் சூட்டுக் குழாய் போடும் இன்னொரு திட்டத்தையும் நேற்றுச் சபைக்குக் கொண்டுபோனேன்.

சபைத் தலைவர் அங்கிள் விடவில்லை. "சீலிங்கை நீர்தானே கீறினது? உமக்குக் கடவுளே இல்லை. யன்னலில என்ன கவலை?"

உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் மண்டபமே அடங்கியிருக்கும். முன்வரிசையில் உன் அம்மா கோட்டைக் கழற்றாமல் இருந்தார். சொல்லவில்லை.

"கடவுளுக்காக இல்லை, அங்கிள். எது எதைத் தாங்குதெண்டு கட்டினவன் எல்லாருக்கும் தெரியக் கட்டியிருக்கிறான். நான் மூடமாட்டன். மூடத்தான் வேணுமெண்டா வேற ஆளைப் பிடியுங்கோ."

உன் அம்மாதான் வாயைத் திறந்தார். "என்ர பிள்ளையும் உந்த யன்னல் கதைதான் கதைச்சுக்கொண்டு திரிஞ்சவன். அதை விடு. எனக்குக் கால் குளிருது. உன்ர குழாய் சுடுமோ?"

"சுடோணும், அன்ரி."

"சுடுமோ எண்டு கேட்டனான்."

"நிலத்துக்குக் கீழ ஈரம் இருந்தா சரிவராது. திறந்து பாக்காமல் சத்தியம் பண்ணமாட்டன்."

"பாத்தியளே!" என்று அங்கிள் மேசையில் தட்டினார். சிலர் சிரித்தார்கள். உன் அம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாய்க்குக் கை தூக்கினார். பின்வரிசைகளில் ஒவ்வொரு கையாக எழுந்து, குழாயே வென்றது.

வெளியே வரும்போது என் கையைப் பிடித்தார். "விறைச்சனெண்டா உன்ர சீலிங்கை நீயே வந்து பூட்டோணும், விளங்குதோ?"

"ஓம், அன்ரி."

உங்கள் துறவிகள் முதலில் நம்பிவிட்டுத்தான் விளக்கம் தேடினார்கள் என்று நீ சொல்லும்போதெல்லாம், அது தலைகீழ்க் கணக்கு என்று நான் நக்கலடித்தேன். இன்னும் முழங்காலிடவில்லை, இனியும் மாட்டேன். ஆனால் கணக்கு முடியுமுன் ஒருவர் என்னை நம்பியது இதுதான் முதல் தடவை. அதைச் சுமந்துகொண்டுதான் நாளைக் காலை நிலத்தைத் திறக்கப் போகிறேன்.

ஈரம் இருக்கக் கூடாது, மச்சான்.