வாசலுக்கு மேலே ஓர் ஆணி

நனைந்த தெர்மகோலுக்கு இப்படி ஒரு வாடை உண்டென்று இன்று காலையில்தான் தெரிந்தது. வாசலுக்கு மேலிருந்த சுவர்ப் பேனலைத் தச்சர் அறுத்து இறக்கியதும் பாசி பிடித்த தொட்டியைத் திறந்தது போல இருந்தது. உள்ளே எறும்புப் புற்று. மேலிருந்து கீழே தண்ணீர் இறங்கிய கறுப்புத் தடம். தடத்தின் உச்சியில் துருவேறிய ஓர் ஆணி. அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டுத் தச்சர் டீ குடிக்கப் போய்விட்டார்.

நீ போய் ஒன்பது மாதமாகிறது. காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. இந்தச் சுவரைச் சொல்லி உன்னை நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்று இத்தனை நாளும் மனசுக்குள் வைத்திருந்தேன்.

பாலிடெக்னிக் விடுதியில் நாம் ஒரே அறை. நீ அடிவாரத்துக்காரி, நான் மலைமேல் வாழவந்தி நாட்டுக்காரி. படிப்பை முடித்து நான் மிளகுக்கொடிக்குள் புகுந்துகொண்டேன். நீ பிடிவாதமாக வீடு கட்டப் போனாய். இரண்டு சிமெண்ட் அட்டைக்கு நடுவே நாலு விரற்கடை தெர்மகோல், அதுதான் சுவர், அதுதான் கூரை. குச்சிக்கிழங்கு ஏற்றப் போகிற லாரியில் பேனல்களை அடுக்கி, வளைவுக்கு வளைவு இறங்கிக் கயிற்றை இறுக்கிக்கொண்டே எங்கள் வீட்டைக் கட்ட மலையேறி வந்தாய். என் மாமியார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சாமி, டிவி வந்த பொட்டியில ஊடு கட்டறீங்க?" என்று கேட்டார். நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய்.

அந்த மார்கழியில் மாமியார் ஒற்றைப் போர்வையோடு தூங்கினார். நெருப்புச் சட்டி வைக்கவில்லை, ஹீட்டர் வாங்கவில்லை. சித்திரை வெயிலில் மின்விசிறியைப் போட மறந்துபோனோம். சொன்னதைச் செய்துகாட்டினாய், அதை மறுக்க மாட்டேன்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. "செவுத்துல ஆணி மட்டும் அடிச்சுப்போடாத புள்ள. மாட்டறதுக்குத்தான் அங்கங்க மரச்சட்டம் வெச்சிருக்கேன். எதா இருந்தாலும் என்னையக் கேளு." நானும் காலண்டரைக்கூடச் சட்டத்தில்தான் மாட்டினேன். விருந்தாளி கையில் சுத்தியலைப் பார்த்தால் பதறிப் பிடுங்கினேன்.

வீடு குடிபுகுந்த புண்ணியார்ச்சனை அன்று நீ வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது, நீ வந்து சேரவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது, திருஷ்டிப் பூசணிக்காய் இன்னும் தொங்கவில்லை என்று மாமியார் அவசரப்படுத்தினார். நான் ஸ்டூலில் ஏறி வாசலுக்கு மேலே, இரண்டு பேனல் சேருகிற இடத்தில், ஓங்கி ஓர் ஆணி அடித்தேன். சாரல் நேராக அறைகிற பக்கம் அது. அதை ஆணியென்றே நான் நினைக்கவில்லை. சாமி காரியத்துக்கு அடிப்பது எங்கள் கணக்கில் ஆணியில் சேராது.

இரண்டு மழைக்காலம் கழித்துச் சுவரில் கறை படர்ந்தது, எறும்பு வந்தது. அந்த வாரம்தான் திருப்புலி நாட்டிலிருந்து மூன்று குடும்பத்தார் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பார்த்துப் பிடித்திருந்தால் மூன்று வீட்டையும் நீ கட்டியிருப்பாய். கறையைத் தடவிப் பார்த்துவிட்டு அத்தனை பேர் முன்னால் என்னைக் கேட்டாய்.

"எங்கியாச்சும் ஆணி அடிச்சியா புள்ள?"

"ஒரு ஆணி அடிக்கலை. உன்ற பேனல்தான் சரியில்ல, நனைஞ்சு போச்சு" என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

நீ வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாய். பூசணிக்காயைப் பார்த்தாய். பக்கத்தில், தாழ்வாரத்துச் சட்டத்தில், என் குடை தொங்கிய கொக்கியைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். வாயைத் திறக்கவில்லை. "நாங்க ரோசன பண்ணிச் சொல்றோமுங்க" என்று அவர்கள் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு இந்த மலையில் உன்னை யாரும் வீடு கட்டக் கூப்பிடவில்லை. நாமக்கல்லில் கோழிப்பண்ணைக் கொட்டகைக்குக் கூரை போடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். "கோழியாச்சும் கொறை சொல்லாமக் குடியிருக்கட்டும்" என்று இந்த வாயால்தான் சொன்னேன்.

டீ குடித்துவிட்டு வந்த தச்சர் தாழ்வாரத்தை அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க, பூசணிக்காய் மாட்டத்தான் வாசலுக்கு நேரா கொக்கி வெச்சுக் குடுத்திருக்காங்களே. அப்பறம் எதுக்குங்க ஆணி?"

எங்கள் வழக்கத்தை எனக்கு முன்பே நினைத்து, அதற்கும் ஓர் இடம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பஸ் நின்றிராவிட்டால் வந்ததும் காட்டியிருப்பாய். நான் இத்தனை வருஷமும் அதில் குடையை மாட்டியிருக்கிறேன்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். அன்றைக்குக் கையை நீட்டி, "அதோ பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? அத்தனை பேர் முன்னால் நான் பொய்க்காரியாக நிற்கக் கூடாதென்று உன் பிழைப்பை விட்டுக்கொடுத்தாயா? அந்தப் பெருந்தன்மையை உன்னிடம் யார் கேட்டார்கள்?

மத்தியானம் திருப்புலி நாட்டுக்குப் போய் மூன்று வீட்டிலும் ஆணியைக் காட்டிச் சொன்னேன். மூன்றும் இப்போது கான்கிரீட் வீடுகள். ஒரு பெரியவர் ஆணியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அந்தப் புள்ள இருக்கையிலயே வந்து சொல்லியிருக்கோணும் கண்ணு" என்றார்.

திரும்பி வந்து குடையை எடுத்துவிட்டுப் பூசணிக்காயைக் கொக்கியில் மாட்டினேன். கச்சிதமாக நின்றது. அதன் கீழே நுழையும்போதெல்லாம் நீ கேட்கிறாய், எங்கேயாவது ஆணி அடித்தாயா என்று.

அடித்தேன் புள்ள. வாசலுக்கு மேலே. நான்தான் அடித்தேன்.