பின்வாசல் வழியே பார்த்த லேத்

கூத்தாநல்லூர்
14-2-1979

பாசமுள்ள மச்சான் மீரா உசேன் அவர்களுக்கு, ஹமீதா பானு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் நம் மகள் லத்தீஃபாவும் உங்கள் அம்மாவும் சுகம். குவைத்தில் இப்போது குளிர் அதிகமாமே? கம்பளியைப் போர்த்தாமல் படுக்காதீர்கள்.

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள். நல்ல சேதியாக எழுதலாம் என்று காத்திருந்தேன். காத்திருந்ததில் சேதியே மாறிப்போனது.

நம் கொல்லையில் பட்டறை போட நீங்கள் கேட்டபடி, இரும்பு கடையும் பழைய லேத் ஒன்று கிடைத்தது. மன்னார்குடிப் பக்கம் வைத்தியலிங்கம் என்று ஒரு மிராசுதார். உச்சவரம்புச் சட்டத்தில் பாதி நிலம் போனதும் ரைஸ் மில்லை மூடிவிட்டார். மில் பட்டறையை விற்றுவிட்டு மெட்ராஸில் மகனோடு இருக்கப் போகிறாராம். லேத்தோடு டிரில்லிங் மிஷினும் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெரிய வைஸும் சேர்த்தே தருகிறார். புது லேத் விலையில் கால்வாசிகூட இல்லை. என் அத்தா நம்பவில்லை. "ஓடுற மிஷினா, எடைக்குப் போடுறதா?" என்று அவரிடமே கேட்டுவிட்டார்கள்.

நானும் கூடப் போனேன். பி.ஏ. படித்தவள் இரும்பில் என்ன கண்டாள் என்று உங்கள் அம்மா சிரித்தார்கள். எப்படிப் பார்ப்பது என்று நீங்கள் எனக்குத்தானே எழுதியிருந்தீர்கள்? கோஷா வீட்டுப் பெண் வருகிறது, முன்வாசலில் ஆட்கள் இருப்பார்கள் என்று சொல்லி, வாய்க்கால் கரை வழியாகப் பின்வாசலுக்கே காரை வரச் சொல்லியிருந்தார் மிராசுதார். கார் ஜன்னலுக்குத் துணி கட்டியிருந்தோம். மரியாதை தெரிந்த மனிதர் என்று அத்தா புகழ்ந்துகொண்டே வந்தார்கள்.

மோட்டார் சீராகத்தான் ஓடியது. அத்தா தடவிப் பார்த்து, வழவழன்னு இருக்கு என்றார்கள். மரவாடியில் மரம் புரட்டிக் காய்த்துப்போன கைக்கு எல்லாம் வழவழப்புதான். நான் துப்பட்டிக்குள்ளிருந்து கையை நீட்டி, நீங்கள் எழுதியபடி ‘பெட்’ என்கிற அந்த நீளத் தண்டவாளத்தின் மேல் நகத்தை ஓட்டினேன். இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில், தேய்ந்த பள்ளத்தில் நகம் தட்டியது. சொன்னதும் மிராசுதார், "பாப்பா எந்த பாலிடெக்னிக்?" என்று சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் விலையைக் குறைத்தார். அங்கேயே அச்சாரம் கொடுத்துவிட்டோம்.

திரும்பும்போது வாய்க்கால் கரையில் எதிரே ஒரு மாட்டு வண்டி. அதனால் டிரைவர் முன்வாசல் வழியே ஓட்டினார். அங்கே கேட்டில் செங்கொடி கட்டியிருந்தது. பண்ணையாட்கள் பெண்டு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அறுப்புக் கூலி தீரும்வரை பண்ணையிலிருந்து ஒரு சாமானும் வெளியே போகக் கூடாதாம். காரை நிறுத்திய சங்கத் தலைவர் ஐயாவு, ஜன்னல் துணியைத் தொடவில்லை. வெளியே நின்றே அத்தாவிடம் பேசினார். "கூலியக் குடுக்கட்டும் பாய், நாங்களே தூக்கி வண்டியில ஏத்துறோம். அதுக்கு முன்ன போலீஸை வச்சு எடுத்தீங்கன்னா, நீங்க போடப்போற பட்டறைக்கு இந்தப் பக்கத்து ஆளு ஒருத்தன் வருவானா?"

பின்வழியாக வரச் சொன்னது மரியாதைக்காகவா, கொடியை நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்றா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை, மச்சான்.

தாசில்தார் முன்னால் நடக்கும் பேச்சில் கூலி முடிந்துவிடும் என்றிருந்தேன். நேற்று அதுவும் முறிந்துபோனது. இன்று காலை மிராசுதார் ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை போலீஸ் வரும், லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரன் உடைத்து எடுத்துப் போவான், அச்சாரமும் கிடைக்காது என்று. "ஊர்ச் சண்டை நமக்கெதுக்கும்மா, ஏத்திட்டு வந்துடுவோம்" என்றார்கள் அத்தா. வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்டுப் பதில் வருவதற்குள் வெள்ளி போய்விடும். ஐயாவு சொன்னது எனக்குப் பயமுறுத்தலாகப் படவில்லை, நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் சொல்லியனுப்பியதிலிருந்து, கொடுத்த அச்சாரத்தையே திரும்பத் திரும்பக் கணக்குப் பார்க்கிறேன்.

லேத் வீட்டுக்கு வந்துவிட்டால் குவைத் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று எழுதினீர்கள். அதைக் கேட்டதிலிருந்து லத்தீஃபா தெருவில் எந்த வண்டி போனாலும் ஓடிப்போய், "லேத் இருக்கா?" என்று கேட்கிறாள். இன்று ஒரு வைக்கோல் வண்டிக்காரர் விளையாட்டாக, "அடியில இருக்கு தாயி" என்று சொல்லிவிட்டார். தெருமுனை வரைக்கும் வண்டியின் பின்னாலேயே ஓடினாள். தூக்கிக்கொண்டு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

கொல்லைக் கொட்டகையைப் பெருக்கி மெழுகி வைத்திருக்கிறேன். அந்த லேத் தப்பிப் பிழைத்தாலும், அதன் தேய்மானத்தைச் சரிசெய்ய முடியுமா என்று என் நகத்துக்குச் சொல்லத் தெரியாது. அது உடைந்தே போனால் வேறொன்று தேடுவோம். எதுவானாலும் தொட்டுப் பார்க்க உங்கள் கைதான் வேண்டும். கம்பெனிக்காரர் நீட்டும் ஒப்பந்தக் காகிதத்தில் அந்தக் கையை வைக்குமுன் இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேர அல்லாஹ் அருள் புரிவானாக.

வஸ்ஸலாம்.

தங்கள்
ஹமீதா பானு