வார்டுத் தாளில் ஒரு கைப்பிழை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். ஐந்து நாளும் பாப்பா கஞ்சியை மிச்சமின்றிக் குடித்ததாக வார்டுத் தாளில் நான்தான் எழுதினேன். எடை மட்டும் ஏறவில்லை. மூக்கில் குழாய் போடலாம் என்றார் டாக்டர்.

நர்ஸம்மா, வயிற்றில் இறுகி நின்ற என் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். "கஞ்சி நல்லாத்தான் வேலை செய்யுது சார். ஆள்தான் மாறிப்போச்சு."

மிச்சத்தைக் கொட்ட எனக்கு மனசு வராது, உனக்குத் தெரியாதா?

டாக்டரிடம் அவர், தாளில் கைப்பிழை என்று மட்டும் சொல்லி இரண்டு நாள் தவணை கேட்டார். மணிக்கொரு தரம் வந்து, பாப்பாவின் அடத்துக்கெல்லாம் தலையாட்டி, அரைக் கரண்டியாகப் புகட்டினார். அந்தப் பொறுமையை நான் உன்னிடம்கூடப் பார்த்ததில்லை, கோபிக்காதே.

இன்று எண்பது கிராம் ஏறியிருக்கிறாள். குழாய் வேண்டாமாம். எடையை நர்ஸம்மாவே எழுதினார். பேனாவை என்னிடம் தரவில்லை.

இப்படிக்கு,
கேன்டீனில் சாப்பிடும் உன் கணவன்