முன்னேற்றம் எதிர்பார்க்க இயலாது

அனுப்புநர்:
அ. சாந்தகுமாரி, க/பெ. அப்பாதுரை,
அடுகோடி, பெங்களூர் – 30.

பெறுநர்:
ஊனமுற்றோர் நல அலுவலர் அவர்கள்,
பெங்களூர்.

பொருள்: என் மகள் ரூபினியின் (வயது 11) அறிவுத்திறனை மறுபடி பரிசோதிக்கக் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலக அறிக்கை, நாள் 17.8.1995.

மதிப்பிற்குரிய ஐயா,

கன்னடத்தில் இரண்டு, ஆங்கிலத்தில் ஒன்று என மூன்று மனுக்கள் கொடுத்துவிட்டேன். பதில் இல்லை. எந்த மொழியில் எழுதினாலும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதால், இம்முறை எனக்குக் கோபம் சரளமாக வரும் மொழியில் எழுதுகிறேன். தப்பித்தவறி யாராவது படிக்க நேர்ந்தால் உதவட்டும் என்று கன்னட மொழிபெயர்ப்பும் இணைத்துள்ளேன்.

1. சிவாஜிநகர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவை எடுத்துக் காட்டும் வேலை எனக்கு. ரூபினிக்கு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் அரிய நோய். மூளையில் சிறு சிறு கட்டிகள், அதனால் வலிப்பு. எதையும் தாமதமாகத்தான் கற்பாள் என்றார் டாக்டர். கற்கவே மாட்டாள் என்று சொன்னது தங்கள் அலுவலகம் மட்டும்தான்.

2. 1995-இல் அவளை அங்கே அழைத்து வந்த அன்று பஸ்ஸிலேயே இரண்டு முறை வலிப்பு. அரைமயக்கத்தில் இருந்த குழந்தையிடம் மரத்துண்டுகளை அடுக்கச் சொல்லி, என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டு, பத்தே நிமிடத்தில் ‘கற்கும் திறன் இல்லை, முன்னேற்றம் எதிர்பார்க்க இயலாது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு ரவிக்கைத் துணி பார்க்க வருபவருக்கே எங்கள் கடையில் அதைவிட அதிக நேரம் கொடுக்கிறோம்.

3. ரூபினி ஏழு வயதில் தானாகச் சாப்பிடப் பழகினாள். ஒன்பதில் துணிகளை நிறம் பார்த்துப் பிரித்தாள். சென்ற ஆண்டு முதல், வலிப்பு வரும் முன்பே தரையில் உட்கார்ந்துகொண்டு ‘அம்மா, வருது’ என்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. முதல் தடவை கேட்டபோது அழுதுவிட்டேன் ஐயா, சந்தோஷத்தில்தான்.

4. பிரேசர் டவுனில் ஒரு சிறப்புப் பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. தங்கள் அலுவலகத்தின் புதிய அறிக்கை வேண்டும். ஜூலை 4-ஆம் தேதி அவளுக்குப் பன்னிரண்டு முடிகிறது, அதன்பின் சேர்க்கமாட்டார்கள். தங்கள் குமாஸ்தா கிருஷ்ணப்பாவோ, ‘ஏனம்மா, முன்னேற்றமே வராதுன்னு எழுதியிருக்கே, இன்னொரு பரீட்சை எதுக்கு? சும்னே அலையாதம்மா’ என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்கிறார். முன்னேறியிருக்கிறாள் என்று காட்டப் பரிசோதனை வேண்டும். முன்னேறமாட்டாள் என்று எழுதியிருப்பதால் பரிசோதனை கிடையாது. என்ன நியாயம் இது?

5. தங்கள் வராந்தாவில் பதினோரு நாட்கள் காத்திருந்தேன். பொழுது போகாமல், 1995-இல் ரூபினிக்கு வைத்த அதே கேள்விகளைத் தங்கள் அலுவலகத்துக்கு வைத்துப் பார்த்தேன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புமா? இல்லை. முன்பு பார்த்த முகத்தை அடையாளம் காணுமா? பதினோராம் நாளும் ‘யாரும்மா நீ?’ என்றே கேட்டது. சிறு வேலை ஒன்றைச் சொன்னால் செய்யுமா? இல்லவே இல்லை. பசித்தால் உணர்த்துமா? மதியம் ஒரு மணிக்கு, ஒரு நாள் தவறாமல். இத்தனைக்கும் அதற்கு வலிப்பு நோய்கூடக் கிடையாது. இருந்தாலும் முன்னேற்றம் எதிர்பார்க்க இயலாது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அப்படி எழுதினால் அடுத்தவர் என்ன பாடு படுவார் என்று பட்டுத் தெரிந்தவள் நான்.

ஆகவே, வரும் 18.6.2001 திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ரூபினியுடன் வருகிறேன். அவளை முறையாகப் பரிசோதித்து, இம்மாதம் முடிவதற்குள் அறிக்கை தர ஆவன செய்யுங்கள். அன்று அவளுக்கு வலிப்பு வந்தால் தெளிய அரை மணி நேரம் ஆகும். அதுவரை பேனாவைத் திறக்காமல் இருக்கும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பெங்களூர்
நாள்: 11.6.2001

இப்படிக்கு,
அ. சாந்தகுமாரி
(ரூபினியின் தாய்)